அழுகண்ணிக்கு லீவு கொடுங்கப்பா!

பூச்சி பிடிக்கிற செடி வாங்குறவங்களை ரெண்டு வகையாப் பிரிச்சிடலாம். முதல் குளிர்காலத்துலயே செடியைக் கொன்னவங்க. ரெண்டாவது குளிர்காலத்துல கொன்னவங்க. மூணாவதா ஒரு சின்னக் கூட்டம் உண்டு. அவங்க வீட்டுல மட்டும் அதே செடி வருஷக்கணக்கா நல்லா இருக்கும். நான் பேசிப் பார்த்த வரைக்கும் அந்த மூணாவது கூட்டத்துல இருக்கிறவங்க விதையில இருந்து ஆரம்பிச்சவங்க.

"விதைக்கும் குளிர்காலத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேப்பீங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

என் கட்சி இதுதான். சன்ட்யூ வளர்க்க ஆசைப்பட்டா விதையில இருந்து வளருங்க. வருஷத்துல அது தூங்கப் போற காலம் வரும்போது, அதைத் தூங்க விடுங்க. பாவம்னு நினைச்சு வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க. இவ்ளோதான் மேட்டர். மீதியெல்லாம் விளக்கவுரை.

சன்ட்யூன்னா?

தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம். டிரோசெரா அப்படிங்கிறது பேரினத்தோட பேர். உலகம் முழுக்க 200க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கு. இலை முழுக்க மெல்லிய முடிகள், ஒவ்வொரு முடியோட நுனியிலயும் ஒரு துளி பசை. வெயில்ல பார்த்தா பனித்துளி மாதிரி மின்னும். அதை நம்பி வந்து உட்கார்ற கொசுவும் குட்டி ஈயும் அவ்ளோதான், ஒட்டிக்கும். பக்கத்துல இருக்கிற முடிகள் மெல்ல வளைஞ்சு அமுக்கும். அப்புறம் செடி செரிமான நொதிகளைச் சுரந்து பூச்சியைக் கரைச்சு, அதுல இருக்கிற நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சிக்கும்.

தமிழ்ல இதுக்கு அழுகண்ணின்னு பேர் சொல்றாங்க. கண்ணுல தண்ணி ததும்புற மாதிரி இருக்கிறதால வந்த பேர்னு பார்த்தாலே தெரியும். வேற சில செடிகளுக்கும் அதே பேர் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனால நாட்டு மருந்துக் கடையில அழுகண்ணின்னு கேட்டா கையில வர்றது இதுதான்னு சத்தியம் பண்ண முடியாது.

சார்லஸ் டார்வின் 1860 கோடையில இங்கிலாந்தோட சசெக்ஸ் பக்கம் இந்தச் செடியில அத்தனை பூச்சி ஒட்டியிருக்கிறதைப் பார்த்து அசந்து போயி ஆராய்ச்சியில இறங்கிட்டார். உயிரினங்களின் தோற்றம் பத்தின புத்தகம் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, ஊரே அதைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. மனுஷன் அந்த நேரத்துல தன் நண்பர் லையலுக்கு, இப்போதைக்கு எனக்கு அந்தத் தோற்றத்தை எல்லாம் விட டிரோசெரா மேலதான் அக்கறை அதிகம்னு கடிதம் எழுதுறார். 15 வருஷம் கழிச்சு, 1875ல, பூச்சி உண்ணும் தாவரங்கள் பத்தி ஒரு முழுப் புத்தகமே போட்டார். ஆக, இந்தப் பைத்தியம் பிடிச்சவங்க பட்டியல்ல நமக்கு முன்னாடி பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க. தங்கமணி இதைக் கவனத்துல எடுத்துக்கணும் :)

வறுமைதான் வாழ்க்கை

நான் பொட்டி தட்டுறது நியூ ஜெர்சியில. இந்த மாநிலம்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது எடிசனும், இந்தியக் கடைகளும், டர்ன்பைக் டிராஃபிக்கும்தான். ஆனா தெற்கே ஒண்ணரை மணி நேரம் ஓட்டினா பைன் பேரன்ஸ்னு ஒரு காடு வரும். 1978ல இதைத் தேசியக் காப்பிடமா அறிவிச்சாங்க. சுமார் 11 லட்சம் ஏக்கர். மணல் பூமி, அமிலம் கலந்த தண்ணி. ஓடைத் தண்ணி கட்டஞ்சாயா நிறத்துல ஓடும். அந்தக் காலத்துல இங்க வந்து குடியேறினவங்க விவசாயம் பண்ணிப் பார்த்து, ஒண்ணும் விளையலைன்னு வெறுத்துப் போயி வெச்ச பேர்தான் 'பேரன்ஸ்', மலட்டு நிலம்.

அந்த மலட்டு நிலத்துல வெப்ஸ் மில்னு ஒரு சதுப்பு இருக்கு. மேல நடந்து போறதுக்குப் பலகைப் பாதை போட்டிருக்காங்க. ஜூன், ஜூலையில போய்க் குனிஞ்சு பார்த்தீங்கன்னா, சன்ட்யூ கண்ணுல படும். இந்தக் காட்டுல மூணு இனம் உண்டு. வட்ட இலை ரோட்டுண்டிஃபோலியா, கரண்டி இலை இன்டர்மீடியா, நூல் இலை ஃபிலிஃபார்மிஸ். நான் வளர்க்கிறது இந்த மூணாவது. ஒரு சாண் உயரத்துக்கு நூல் நூலா நிமிர்ந்து நிக்கும். புது இலை பெரணி மாதிரி சுருண்டு வந்து மெதுவா அவிழும்.

மத்த செடிக்கெல்லாம் சத்து வேணும். இதுக்குச் சத்து இருந்தா செத்துடும். வேரைக் கொண்டு சத்து எடுக்கிற வேலையை விட்டுட்டு, இலையால சம்பாதிக்கப் பழகின செடி இது. உரம் கலந்த பாக்கெட் மண்ணுல வெச்சா வேர் கருகிடும். குழாய்த் தண்ணியில இருக்கிற உப்பு சேரச் சேர அதுவும் கொல்லும். இதோட உலகத்துல ரெண்டே விஷயம்தான் தாராளம்: வெயில், தண்ணி. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதைத்தான் நாம மறந்துடறோம். குளிர்.

விதை சொல்ற பாடம்

ஃபிலிஃபார்மிஸ் விதை மிளகுத்தூள் மாதிரி இருக்கும். தும்மினா போச்சு. இந்த விதையை வாங்கி நேரா ஈர மண்ணுல போட்டு ஜன்னல்ல வெச்சா, பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது. மாசக்கணக்கா பாசிதான் வளரும். விதை கெட்டுப் போகலை. காத்துக்கிட்டு இருக்கு.

எதுக்காக? யோசிச்சுப் பாருங்க. செடி பூத்து, காய் முத்தி, விதை கீழ விழறது கோடை முடிவுல, செப்டம்பர் வாக்குல. அப்ப மண்ணு ஈரமாவும் கதகதப்பாவும்தான் இருக்கும். முளைக்கிறதுக்கு எல்லா வசதியும் இருக்கு. ஆனா அப்ப முளைச்சா ரெண்டு மாசத்துல உறைபனி வந்து, ஒரு மில்லிமீட்டர் குழந்தையை முடிச்சிடும். அதனால விதைக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. அப்சிசிக் அமிலம்னு ஒரு ஹார்மோன் முளைப்பைத் தடுத்து வெச்சிருக்கும். ஈரத்தோட சேர்ந்த குளிர் வாரக்கணக்கா தொடர்ந்து பட்டா அதோட பிடி தளர்ந்து, முளைக்க வைக்கிற ஜிப்பரெலின் கை ஓங்கும். அதாவது, முழுசா ஒரு குளிர்காலம் போயிடுச்சுன்னு நிச்சயமான பிறகுதான் கதவு திறக்கும். நம்ம மொழியில சொன்னா, டெஸ்டிங் முடியாம புரொடக்‌ஷனுக்குப் போகாத ரிலீஸ்.

செய்முறை சிம்பிள்தான்:

1. பீட் பாசியும் கழுவின சிலிக்கா மணலும் சரிபாதி. உரம் எதுவும் கூடாது. கடல் மணல் கூடவே கூடாது, உப்பு.

2. கொஞ்சம் ஈரமான ஸ்பாக்னம் பாசியில விதையைத் தூவி ஜிப்லாக் பையில போட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். ஃப்ரீசர்ல இல்ல, காய்கறி வைக்கிற இடத்துல. ஆறு வாரம். தேதி எழுதி ஒட்டிடுங்க. இட்லி மாவு டப்பாவுக்குப் பக்கத்துல ஈரப்பாசி இருந்தா வீட்டுல கேள்வி வரும். பதில் தயாரா வெச்சுக்கோங்க.

3. பால்கனி இருக்கிறவங்களுக்கு இன்னும் சுலபமான வழி. டிசம்பர் கடைசியில விதையைத் தொட்டியில தூவி வெளியவே வெச்சிடுங்க. பனியும் மழையும் ஃப்ரிட்ஜ் வேலையைப் பார்த்துக்கும்.

4. குளிர் முடிஞ்சதும் பையில இருக்கிற பாசியோட சேர்த்து மண்ணுக்கு மேல பரப்பணும். மேல மண்ணு போட்டு மூடக்கூடாது. இதுக்கு முளைக்க வெளிச்சம் வேணும்.

5. தொட்டியை ஒரு தட்டுல வெச்சு, தட்டுல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் தண்ணி நிக்கிற மாதிரி பார்த்துக்கணும். மழைத்தண்ணி, காய்ச்சி வடிச்ச தண்ணி, ஆர்.ஓ. தண்ணி, இந்த மூணுல ஒண்ணு. டிடிஎஸ் மீட்டர் வெச்சுப் பார்த்தா 50 பிபிஎம்முக்குக் கீழ இருக்கணும்.

அப்புறம் பொறுமை. சிலது ரெண்டு வாரத்துல வரும், சிலது ரெண்டு மாசம் எடுக்கும். முதல்ல ரெண்டு பச்சைப் புள்ளி. அடுத்து வர்ற முதல் நிஜ இலையில, ஒரு மில்லிமீட்டர் அகலத்துல, பசைத்துளி இருக்கும் பாருங்க! லென்ஸ் வெச்சுப் பார்த்தாதான் தெரியும். பொறந்த அன்னைக்கே வேட்டைக்குக் கிளம்பின மாதிரி.

கோடை: சம்பாதிக்கிற சீசன்

மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இந்தச் செடிக்கு ஓவர்டைம். ஜூன்ல நியூ ஜெர்சியில பகல் 15 மணி நேரம். முழு வெயில்ல வைக்கணும். நிழல்ல வெச்சா இலை வெளுத்துத் தொங்கும், பசையும் குறையும். இடிமழை பெய்ஞ்சா பசை எல்லாம் கழுவிப் போகும், பயப்படாதீங்க, மறுபடி ஊறிடும்.

நாத்துக்குப் பூச்சி பிடிக்கிற அளவுக்கு உடம்பு இல்லை. மீன் தீவனத்தை நல்லா பவுடராக்கி, பல்குத்தி நுனியில தொட்டு ஒரு துளி தூவினா போதும். அதிகமானா பூஞ்சை பிடிக்கும். சாப்பாடு போட்ட தொட்டிக்கும் போடாத தொட்டிக்கும் ரெண்டே மாசத்துல வித்தியாசம் கண்ணால பார்க்கலாம்.

பூச்சி சாப்பிடறதால செடிக்கு நிஜமாவே லாபமான்னு டார்வின் காலத்துல ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்து வெச்சது அவர் மகன் ஃபிரான்சிஸ் டார்வின். ரோட்டுண்டிஃபோலியா செடிகளை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு மட்டும் குட்டிக் குட்டி வறுத்த கறித்துண்டு கொடுத்துப் பார்த்தார். 1878ல முடிவை வெளியிட்டார். கறி சாப்பிட்ட செடிகள்ல விதை எண்ணிக்கை மத்ததைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. பூச்சி சாப்பிட்டதோட பலன் கடைசியில போய்ச் சேர்ற இடம் விதை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வேலைக்கு ஆகும்.

கறிவேப்பிலை நியாயம்

இப்பதான் சண்டைக்கு வர்றேன்.

நியூ ஜெர்சித் தமிழ் வீடுகள்ல பாதிக்கு மேல ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும்னு நினைக்கிறேன். செப்டம்பர் கடைசியில ராத்திரிக் குளிர் ஆரம்பிச்சதும் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி உள்ள வெச்சு, ஜன்னல் ஜன்னலா மாத்தி, ஏப்ரல் வரைக்கும் காப்பாத்துவோம். அது சரி. அது வெப்பநாட்டுச் செடி, உறைபனி பட்டா போயிடும். பிரச்சினை என்னன்னா, அதே நியாயத்தை அப்படியே கொண்டு போய் சன்ட்யூவுக்கும் பண்றோம். கறிவேப்பிலைக்கு உபகாரம், இதுக்கு அபகாரம். (எங்கம்மாவைக் கேட்டா பிரச்சினையே இல்லை. "பூச்சி திங்கிறதை எல்லாம் எதுக்குடா வளர்க்கிற? இன்னொரு கறிவேப்பிலை வையி, ரசத்துக்காவது ஆகும்"பாங்க.)

அக்டோபர்ல பகல் குறையக் குறைய ஃபிலிஃபார்மிஸ் புது இலையைச் சின்னதாக்கும். பழைய இலை கருகும். கடைசியில நடுவுல ஒரு இறுக்கமான, பழுப்பு முடி போத்தின மொட்டு மட்டும் மிஞ்சும். ஹைபர்னாகுலம்னு பேர். நாம குளிர்மொட்டுன்னு வெச்சுக்கலாம். வேர்ல பெரும்பகுதி கூடப் போயிடும். அடுத்த வருஷத்துக்கான மொத்த முதலீடும் அந்தக் கடலை சைஸ் மொட்டுக்குள்ள.

வெளியில இருந்து பார்த்தா செத்த செடிதான். ஆபீஸ்ல என் பக்கத்து சீட் நண்பர் ஒருத்தர் ஆசை ஆசையா ஒரு ஃபிலிஃபார்மிஸ் வாங்கி டேபிள் மேல வெச்சிருந்தார். ஜன்னலோர சீட், டிசம்பர்ல அந்தக் கண்ணாடி ஓரம் சில்லுனு இருக்கும். ஜனவரியில ஒரு நாள் "போயிடுச்சுப்பா, எனக்கு ராசி இல்லை"ன்னு தொட்டியோட குப்பைக்கூடையில போட்டுட்டார். எட்டிப் பார்த்தா கருகின இலைக்கு நடுவுல கெட்டியா ஒரு மொட்டு. எடுத்துட்டு வந்து என் பெட்டியில வெச்சேன். ஏப்ரல் மூணாவது வாரம் நூல் அவிழ ஆரம்பிச்சது. அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். இந்த மாதிரி உயிரோட குப்பைக்குப் போன செடி எத்தனை இருக்கும்? அவரைக் குத்தம் சொல்ல முடியாது. கடையில செடி வித்தாங்க, அதோட வருஷத்தைச் சொல்லி விக்கலை. விதையில இருந்து ஆரம்பிச்சிருந்தா, முளைக்கிறதுக்கே ஆறு வாரம் குளிர் கேட்ட செடி, தூங்கறதுக்கும் குளிர் கேக்கும்னு தானாவே புரிஞ்சிருக்கும்.

அந்த மொட்டைக் கதகதப்பான அறையில ராத்திரி பத்து மணி வரைக்கும் லைட் எரியற இடத்துல வெச்சா என்ன ஆகும்? அரைத் தூக்கத்துல எழுப்பின கதைதான். மெலிஞ்ச இலை ரெண்டு விடும். வெளிச்சம் பத்தாது, பூச்சி கிடையாது, காத்துல ஈரம் கிடையாது. சேமிப்பைச் செலவு பண்ணிக்கிட்டே இருக்கும். மார்ச் மாசம் எல்லாச் செடியும் எழும்போது இது அழுகிடும்.

சரி, குளிர்காலத்துல என்ன பண்ணணும்? கிட்டத்தட்ட ஒண்ணும் பண்ணக்கூடாது. ஆனா ஒரு விஷயம். காட்டுல இருக்கிற செடிக்குக் கீழ பூமி மொத்தமும் இருக்கு, அதனால குளிர் மெதுவாத்தான் இறங்கும். தொட்டிக்கு நாலு பக்கமும் காத்து. பூஜ்யத்துக்குக் கீழ பத்து டிகிரி போற ராத்திரியில தொட்டி ஒரே கட்டியா உறையும், வறண்ட காத்து மொட்டைக் காய வெச்சிடும். குளிரைவிட அந்தக் காய்ச்சல்தான் எமன். அதனால மீன் கடையில தர்ற தெர்மகோல் பெட்டிக்குள்ள தொட்டிகளை நெருக்கமா அடுக்கி, மேல பைன் ஊசி இலையை ரெண்டு மூணு அங்குலம் பரப்பி, பால்கனியில சுவரோரமா வெச்சிடுவேன். மூடியில ஓட்டை. பத்து நாளைக்கு ஒரு தடவை திறந்து மண்ணு ஈரமா இருக்கா, பூஞ்சை இருக்கான்னு பார்க்கிறது. கோடை மாதிரி தண்ணியில நிறுத்தறது இல்லை. சாப்பாடு இல்லை. மார்ச் கடைசியில பைன் இலையை எடுத்துட்டு வெயில்ல வைக்கிறது. அவ்ளோதான்.

நம்ம தொழில்ல இதுக்குப் பேர் பெஞ்ச். பிராஜெக்ட் இல்லாம உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தா டேமேஜருக்கு வயித்தெரிச்சல். ஆனா செடி பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கும்போதுதான் அடுத்த வருஷம் எழுந்து நிக்கிற தகுதியைக் காப்பாத்திக்குது. எங்க டேமேஜருக்கு இந்தப் பதிவை மொழிபெயர்த்து அனுப்பலாமான்னு யோசிக்கிறேன்.

எதிர்க்கட்சி வாதங்கள்

ஒண்ணு: "எல்இடி லைட் போட்டு, முதல் வருஷ நாத்துக்குக் குளிர்காலமே இல்லாம வளர்த்தா சீக்கிரம் பெரிசாகுமே?" ஆகும். அனுபவசாலிகள் சிலர் அப்படிச் செய்யறாங்க, முதல் வருஷம் தாண்டவும் செய்யுது. ஆனா அதுக்கு லைட், டைமர், தினசரிக் கவனிப்பு எல்லாம் வேணும். நமக்கு எதுக்கு அவசரம்? விதையில இருந்து பூக்கிற வரைக்கும் ரெண்டு மூணு வருஷம். ஒரு குளிர்காலத்தை மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறோம்? அதோட, முதல் வருஷம் தூங்காம தப்பிச்ச செடியைப் பார்த்து இதுக்குத் தூக்கமே வேண்டாம்னு முடிவு பண்ற ஆபத்து வேற.

ரெண்டு: "திசு வளர்ப்புச் செடி மலிவா கிடைக்குதே?" இது நியாயமான கேள்வி. ஆய்வகத்துல பெருக்கின செடி வாங்கினா காட்டுக்கு நஷ்டம் இல்லை. ஆனா அப்படிப் பெருக்கினது எல்லாம் ஒரே செடியோட நகல். விதையில வர்றது ஒவ்வொண்ணும் தனி ஆள். ஒரே தொட்டியில ஒண்ணு சீக்கிரம் தூங்கும், ஒண்ணு லேட்டா எழும்.

மூணு: "காட்டுலயே நிறைய இருக்கே, ஒண்ணே ஒண்ணு எடுத்தா என்ன?" இங்கதான் எனக்குக் கோபம் வரும். வட கரோலினாவுல வீனஸ் ஃப்ளைட்ராப் செடியைக் காட்டுல இருந்து ஆளாளுக்குத் தோண்டித் தோண்டி, கடைசியில 2014 டிசம்பர்ல இருந்து, அது வளர்ற மாவட்டங்கள்ல அதைத் திருடறதைப் பெருங்குற்றமாக்க வேண்டிய நிலைமை வந்தது. ஒரு செடியைத் தோண்டினா போறது ஒரு செடி மட்டும் இல்லை. மேல சொன்ன கணக்கைப் பாருங்க. அது வருஷம் முழுக்கப் பூச்சி பிடிச்சுச் சேர்த்தது எல்லாம் போய்ச் சேர்ற இடம் விதை. அந்த விதைகளும் சேர்ந்து போகுது. இத்தனைக்கும், தோண்டிக் கொண்டு வந்த செடி பெரும்பாலும் நம்ம தண்ணியில பிழைக்கிறதும் இல்லை.

நாலாவது கேள்வியை யாரும் கேக்கலை, நானே கேக்கிறேன். பீட் எங்க இருந்து வருது? சதுப்பைத் தோண்டித்தான். பீட் படியறது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சன்ட்யூ வீட்டை இடிச்சு சன்ட்யூவுக்குத் தொட்டி நிரப்பறோம். இதுக்கு முழு விடை என்கிட்ட இல்லை. ஆனா விதை போட ஒரு கைப்பிடி போதும், அதைப் பல வருஷம் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வருஷா வருஷம் செத்த தொட்டியைக் குப்பையில கொட்டிட்டுப் புதுசு வாங்கினா அந்தக் கணக்கு எங்கயோ போகும்.

நம்ம ஊர்ல?

"யோவ், நாங்க சென்னையில இருக்கோம், எங்களுக்கு ஏது குளிர்காலம்?"னு கேக்கிறவங்களுக்கு. முதல்ல, ஃபிலிஃபார்மிஸை மறந்துடுங்க. இதைச் சென்னைக்குக் கொண்டு வந்து, வருஷத்துல நாலு மாசம் ஃப்ரிட்ஜ்ல அடைச்சு வைக்கிறது வீம்பு.

நம்ம ஊருக்குன்னே அழுகண்ணி இருக்கு. சமவெளியில பர்மானி, இண்டிகான்னு ரெண்டு. பர்மானி தரையோட ஒட்டின ரூபாய் நாணய சைஸ் ரோஜா. அதோட ஓர முடிகள் சில நொடியில வளைஞ்சு பூச்சியை உள்ள தள்ளும், சன்ட்யூ குடும்பத்துல இது வேகமான ஆள். இண்டிகா நூல் இலையோட நிமிர்ந்து வளரும், பார்க்க ஃபிலிஃபார்மிஸோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. மழைக்கப்புறம் ஈர மணல்ல முளைச்சு, பூத்து, விதை கொட்டி, மண்ணு காயும்போது செடி செத்துடும். கத்திரி வெயில் முழுக்க விதையாவே தூங்கும். அடுத்த மழைக்கு எழும். ஊட்டி, கொடைக்கானல் புல்வெளியில பெல்டேட்டான்னு இன்னொண்ணு. அது மண்ணுக்கடியில ஒரு சின்னக் கிழங்கை வெச்சுக்கிட்டு, வறண்ட மாசங்கள்ல மேல ஒண்ணுமே இல்லாம தூங்கிட்டு, மழையோட எழும்.

அதாவது நம்ம ஊர் அழுகண்ணிக்கு வறண்ட காலம்தான் குளிர்காலம். ஊருக்கு ஊர் தூங்கற மாசம்தான் வேற, தூக்கம் பொது. பர்மானிக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை. விதையை ஈர மண்ணு மேல தூவி, நல்ல வெளிச்சத்துல வெச்சா முளைச்சிடும். போர் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, மழைத்தண்ணி பிடிச்சு வெச்சுக்கோங்க. பூத்து முடிஞ்சு செடி வாடும்போது, ஐயோன்னு உரம் போடாதீங்க. காய்ஞ்ச பூக்காம்பைக் காகிதத்துல தட்டி விதையைச் சேர்த்து வைங்க. செடி போனாலும் அடுத்த வருஷம் உங்க கையில இருக்கு. பெங்களூர்க்காரங்க தென்னாப்பிரிக்காவோட கேபென்சிஸையும் முயற்சி பண்ணலாம். அதுக்குத் தூக்கமும் வேண்டாம், விதைக்குக் குளிரும் வேண்டாம். பழகறதுக்கு ஏத்த செடி.

விதை வாங்கும்போது ரெண்டு எச்சரிக்கை. நீலக் கலர், வானவில் கலர்ல பூச்சி தின்னும் செடின்னு படம் போட்டு ஆன்லைன்ல விக்கிறாங்க. அப்படி எதுவும் உலகத்துல கிடையாது. வர்றது ஏதோ புல் விதை. ரெண்டாவது, வெளிநாட்டுல இருந்து விதை வரவழைச்சா நீங்க இருக்கிற நாட்டோட தாவர இறக்குமதி விதிகளைப் பார்த்துட்டுச் செய்யுங்க. ஏற்கனவே வீட்டுல வளர்க்கிறவங்ககிட்ட அவங்க செடியில வந்த விதையைக் கேட்டு வாங்குறதுதான் உத்தமம். பெரும்பாலும் அன்போட தருவாங்க. ஒரு பூக்காம்புல வர்ற விதையை ஒருத்தரால விதைச்சுத் தீர்க்க முடியாது.

கடைசியா ஒண்ணு. மழைக்கப்புறம் உங்க ஊர்ப் பக்கம் ஈர மணல்ல சிவப்பா, மினுமினுன்னு ஏதாவது கண்ணுல பட்டா, குனிஞ்சு பாருங்க, போட்டோ எடுங்க. பிடுங்காதீங்க. சரியான இடத்தைப் பொதுவுல போட்டுடாதீங்க, ஊர்ப் பேரோட நிறுத்திக்கோங்க. தோண்டறவங்களும் படிக்கிறாங்க. அந்தச் செடி அங்கயே இருந்து விதை கொட்டி, வெயில்ல தூங்கி, அடுத்த மழைக்கு எழட்டும்.

என் பெட்டியில இப்ப மூணாவது வருஷத்து மொட்டு பதினொண்ணு இருக்கு. அது எழுந்து, பூத்து, விதை வந்ததும் சொல்றேன். அமெரிக்காவுல இருக்கிறவங்க யாருக்கு வேணுமோ, இப்பவே ஃப்ரிட்ஜ்ல ஒரு மூலையை ஒதுக்கி வைங்க. வீட்டம்மாகிட்ட அனுமதி வாங்கறது உங்க பாடு :)